ஐ++ + ++ஐ என்றால் எவ்வளவு? வேலைக்கு வருபவரின் புரோகிராமிங் திறனைச் சோதிப்பது பற்றி

சி மொழி தெரியுமா என்று பார்க்கும் எழுத்துத் தேர்வுகளில் பல வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்று உண்டு. ஐ என்ற வேரியபிளில் (மதிப்பை வைத்துக்கொள்ளும் பெயர்) 5 இருக்கிறது, அடுத்த வரியில் ஐ++ + ++ஐ என்று ஒரு கூட்டல் (++ என்றால் ஒன்று கூட்டு, பின்னால் வந்தால் மதிப்பை எடுத்த பிறகு, முன்னால் வந்தால் எடுப்பதற்கு முன்பே), அவுட்புட் என்ன? கீழே 10, 11, 12, 13 என்று நான்கு விடைகள். நம் ஊர் இன்ஜினியரிங் கல்லூரிகளில் பிளேஸ்மெண்ட் பயிற்சிக்குப் போனவர்கள் இதையோ இதன் தம்பி தங்கைகளையோ பார்க்காமல் வந்திருக்க மாட்டார்கள். பெரும்பாலும் 12 என்று டிக் அடித்தால் மார்க் கிடைக்கும்.

ஆனால் சி மொழியின்படி இந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. ஒரே கணக்குக்குள் ஒரு வேரியபிளின் மதிப்பை இரண்டு தடவை மாற்றினால், எந்த மாற்றம் எப்போது நடக்கும் என்று மொழி எந்த உத்தரவாதமும் தருவதில்லை, அந்த புரோகிராம் 12 காட்டலாம், 13 காட்டலாம், வேறு என்ன செய்தாலும் கம்பைலரை, அதாவது நாம் எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருளை, குற்றம் சொல்ல முடியாது. இது புதிதாக வந்த விதி இல்லை, 1989ல் வந்த முதல் அமெரிக்கத் தர வரையறையிலேயே இருக்கிறது. ஜிசிசி என்ற பரவலாகப் பயன்படும் கம்பைலரில் எச்சரிக்கைகளை ஆன் செய்துவிட்டு இந்த வரியைக் கொடுத்துப் பாருங்கள், இதன் பலன் வரையறுக்கப்படாததாக இருக்கலாம் என்று அதுவே சொல்லிவிடும். ஆக, சி நன்றாகத் தெரிந்த ஒருவர் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் ‘இப்படி எழுதவே கூடாது’ என்பார், அந்த விடை நான்கில் இல்லாததால் மார்க்கை இழப்பார். கைடு புத்தகத்தை மனப்பாடம் செய்தவர் ஜெயிப்பார்.

இன்ட் என்ற முழு எண் வகை எத்தனை பைட் என்ற கேள்வியும் அதே ரகம்தான். டர்போ சி என்ற டாஸ் காலத்து போர்லாண்ட் கம்பைலரில் அது 2 பைட். இன்றைக்கு நாம் பயன்படுத்தும் கம்பைலர்களில் பெரும்பாலும் 4. மொழியின் விதி குறைந்தபட்சம் எவ்வளவு பெரிய எண்ணைத் தாங்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்கிறது, மீதியை அந்தந்த கம்பைலருக்கு விட்டுவிடுகிறது. ஆனாலும் ‘2’ என்று எழுதினால்தான் சரி என்ற விடைத்தாள்கள் நீண்ட காலம் புழக்கத்தில் இருந்தன, ஏனென்றால் கல்லூரி லேப்களில் விண்டோஸ் வந்த பிறகும் பழைய டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் போட்டு அதே நீலத்திரை டர்போ சியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மொழியைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு பழைய கம்பைலரின் குணத்தைச் சோதித்திருக்கிறோம்.

இப்படிக் கேள்விகள் நிலைத்துப்போனதற்குக் காரணம் கேள்வி தயாரித்தவரின் அறியாமை மட்டும் இல்லை, எண்ணிக்கையும்தான். ஒரு கேம்பஸில் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள், ஒரே நாளில் அவர்களை ஐம்பதாகவோ நூறாகவோ குறைக்க வேண்டும், திருத்த ஆள் கிடையாது. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியை மெஷின் திருத்திவிடும். குழப்பமான கேள்வியாக இருந்தால் நிறையப் பேர் தப்பாகச் சொல்வார்கள், பட்டியல் சுருங்கும். பட்டியல் சுருங்கியதும் தேர்வு வேலை செய்துவிட்டது என்று தோன்றும். யாரைக் கழித்தோம் என்பது யாருக்கும் தெரியாது. தவறாக எடுத்தவர் ஆறு மாதத்தில் கண்ணில் படுவார், தவறாக விட்டவர் எங்கோ வேறு இடத்தில் நன்றாக வேலை செய்துகொண்டிருப்பார், அந்தக் கணக்கு நம் கைக்கு வரவே வராது. தேர்வு முறைகள் திருந்தாமல் இருப்பதற்கு நான் பார்த்தவரை இதுதான் முதல் காரணம்.

இதை வைத்து, புரோகிராம் கோட் ஒன்றைக் காட்டி அவுட்புட் கேட்பதே தப்பு என்று சொல்லிவிடக் கூடாது. அது நல்ல கேள்வி வகை. ஒரு லூப்பை வரி வரியாகப் பின்தொடர்ந்து, இந்த இடத்தில் இந்த வேரியபிளில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாதவரால் தன் கோடில் வரும் பக், அதாவது பிழையையும் கண்டுபிடிக்க முடியாது. 2001ல் மைக்கேல் மெக்ராக்கனும் சக ஆய்வாளர்களும் நான்கு பல்கலைக்கழகங்களில் முதல் புரோகிராமிங் பாடங்களை முடித்த 216 மாணவர்களுக்கு ஒரு கால்குலேட்டர் எழுதும் வேலையைக் கொடுத்தார்கள், 110க்கு சராசரி 23 கூட வரவில்லை. பிள்ளைகளுக்குப் பிரச்சினையைப் பிரித்து யோசிக்க வரவில்லையோ என்று அப்போது பேசப்பட்டது. 2004ல் ரேமண்ட் லிஸ்டர் தலைமையில் ஏழு நாடுகளில் நடந்த அடுத்த ஆய்வு இன்னும் கீழே போய்ப் பார்த்தது: நிறையப் பேருக்கு ஏற்கெனவே எழுதியிருக்கும் சின்ன கோடைப் படித்து அது என்ன செய்யும் என்று சொல்வதே தடுமாற்றமாக இருந்தது. அதனால் படித்துப் பின்தொடரும் திறனைச் சோதிப்பதில் தப்பில்லை, நிஜத்தில் யாரும் எழுதக் கூடாத கோடைக் கொடுத்துச் சோதிப்பதுதான் தப்பு.

சரி, ஒரு மொழி ‘தெரியும்’ என்றால் என்ன? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தேர்வுத்தாள் தயாரிப்பவர்கள்தான் அதிகம். பைத்தானை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இப்போது நம் பிள்ளைகள் அதில்தான் வளர்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பிளஸ் 1 கணினி அறிவியலில் சி++, பிளஸ் 2வில் பைத்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் வந்துவிட்டது. பைத்தானின் இலக்கணத்தை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். எங்கே கோலன், எங்கே உள்தள்ளல், ஃபார் லூப் எப்படி, இதெல்லாம் ஒரு அடுக்கு, அதை யாரும் தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை, கம்ப்யூட்டரே சோதித்துவிடும்.

அதற்குக் கீழே இருக்கும் அடுக்குதான் ஆளைப் பிரித்துக் காட்டும். ஒரு லிஸ்ட்டை இன்னொரு பெயருக்குக் கொடுத்தால் புது லிஸ்ட் உருவாகாது, ஒரே லிஸ்ட்டுக்கு இரண்டு பெயர், ஒன்றில் சேர்த்தால் மற்றதிலும் தெரியும். ஒரு லட்சம் பெயர் இருக்கும் லிஸ்ட்டில் ‘இது இருக்கிறதா’ என்று ஒவ்வொரு தடவையும் தேடினால் நேரம் இழுக்கும், அதையே செட் என்ற, தேடுவதற்கு வசதியான அமைப்பில் போட்டால் நொடியில் முடியும். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது, அதனால் பணக் கணக்கை அப்படிப் போடக் கூடாது. இவை பைத்தானோடு கொஞ்ச காலம் நிஜமாக வேலை செய்தவருக்கு அடிபட்டுத் தெரிந்திருக்கும். கடைசி எடுத்துக்காட்டு பைத்தானுக்கு மட்டும் உரியதும் இல்லை, பெரும்பாலான மொழிகளில் அப்படித்தான், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது அடுக்கு, பாடப்புத்தகத்தில் இடமே இல்லாதது. எரர் வந்ததும் அந்த நீளமான செய்தியைக் கீழிருந்து மேலே படித்து எந்த வரி என்று பிடிப்பது, தெரியாத லைப்ரரியின் ஆவணத்தில் தேவையான பத்தியைக் கண்டுபிடிப்பது, அடுத்தவர் எழுதிய கோடை முழுதாகப் புரியாத நிலையிலும் உடைக்காமல் மாற்றுவது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் ஒரு ஃபிரெஷர் செய்வது கிட்டத்தட்ட முழுக்க இதுதான். நாம் நடத்தும் தேர்வுகளில் பெரும்பாலானவை இதைத் தொடுவதே இல்லை.

டிரைவிங் லைசென்ஸுக்கு எட்டு போடச் சொல்வது மாதிரிதான் இதுவும். எட்டு போடத் தெரியாதவரை ரோட்டில் விட முடியாது, ஆனால் எட்டு போட்டுக் காட்டியவர் கத்திப்பாராவில் எப்படி ஓட்டுவார் என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது.

புரோகிராமிங் உலகில் அந்த எட்டுக்கு ஃபிஸ்பஸ் என்று பெயர். 2007 ஜனவரியில் இம்ரான் கோரி என்ற பிரிட்டிஷ் புரோகிராமர் இதை எழுதினார்: 1 முதல் 100 வரை அச்சிடு, 3ன் மடங்கு வந்தால் ஃபிஸ், 5ன் மடங்கு வந்தால் பஸ், இரண்டுக்கும் மடங்கு என்றால் ஃபிஸ்பஸ். கல்லூரி முடித்து வருபவர்களில் நிறையப் பேருக்கு இதுகூட வரவில்லை என்பது அவர் அனுபவம். அடுத்த மாதமே புரோகிராமிங் வலைப்பதிவர் ஜெஃப் அட்வுட் இதை எடுத்து எழுத, உலகம் முழுக்கப் பரவியது, விண்ணப்பிக்கும் 200 பேரில் 199 பேருக்கு கோட் எழுதவே தெரியாது என்பது போன்ற கணக்குகளும் கூடவே கிளம்பின.

அந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, இன்னொரு புரோகிராமிங் வலைப்பதிவர் ஜோயல் ஸ்போல்ஸ்கி அதை 2005லேயே எடுத்துச் சொல்லியிருந்தார். நன்றாக கோட் எழுதுபவர் ஒன்றிரண்டு இடத்துக்கு விண்ணப்பித்து வேலையில் சேர்ந்துவிடுவார், அப்புறம் சந்தையில் அவர் பெயரே இருக்காது. எழுத வராதவர் நூறு இடத்துக்கு விண்ணப்பிப்பார், நூறு இடத்திலும் தோற்பார், மறுபடி விண்ணப்பிப்பார். அதனால் எந்தக் கம்பெனியின் மேசையில் இருக்கும் விண்ணப்பக் கட்டிலும் அதே ஆட்கள் திரும்பத் திரும்ப இருப்பார்கள். அந்தக் கட்டை வைத்து ‘இந்தத் தலைமுறைக்கே கோட் எழுத வராது’ என்று முடிவு கட்டுவது நியாயமே இல்லை. கட்டில் இருப்பது விண்ணப்பங்களின் கணக்கு, புரோகிராமர்களின் கணக்கு இல்லை. நம் இன்ஜினியரிங் பட்டதாரிகளைப் பற்றி அடிக்கடி வரும் ‘வேலைக்கே லாயக்கில்லை’ என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகத்துக்கு வரும்.

ஃபிஸ்பஸ்ஸைவிட நல்ல சின்னக் கேள்வி அதற்கு வெகு காலம் முன்பே இருந்தது, ஏனோ வேலைத் தேர்வுகளில் அது பிரபலமாகவில்லை. 1980களில் யேல் பல்கலைக்கழகத்தின் எலியட் சோலோவே கொடுத்த மழைக் கணக்கு: தினசரி மழை அளவை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டே போ, 99999 வந்தால் நிறுத்து, சராசரி சொல். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் அந்த 99999ஐக் கூட்டலில் சேர்த்துவிடுபவர்கள் உண்டு, யாராவது மைனஸ் எண்ணைக் கொடுத்தால் என்ன செய்வது என்று யோசிக்காதவர்கள் உண்டு, முதல் எண்ணே 99999ஆக வந்துவிட்டால் பூஜ்ஜியத்தால் வகுத்து புரோகிராம் விழுந்துவிடும். கல்லூரி மாணவர்கள் பலரும் இதில் தடுக்கி விழுந்தார்கள், அதிலிருந்து ஒரு ஆராய்ச்சிப் பரம்பரையே கிளம்பியது. ஃபிஸ்பஸ்ஸுக்கு இன்புட்டே கிடையாது, அதனால் இன்புட் தப்பாக வந்தால் என்ன என்ற எண்ணம் கேண்டிடேட்டுக்கு வருகிறதா என்று அதில் பார்க்கவே முடியாது, மழைக் கணக்கில் முடியும்.

நடுவில் புதிர் மோகம் ஒன்று வந்து போனது, ‘மேன்ஹோல் மூடி ஏன் வட்டமாக இருக்கிறது’ என்று மைக்ரோசாஃப்ட் இன்டர்வியூக்களில் கேட்ட வகை. 2013ல் கூகுளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் அந்த மாதிரிப் புதிர்கள் முழுக்க நேர விரயம், ஆளைப் பற்றி எதையும் சொல்வதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னதோடு அதன் மவுசு குறைந்தது. அதன் இடத்தில் அல்காரிதம் கேள்விகள் உட்கார்ந்தன. பைனரி ட்ரீயை (தரவைக் கிளை கிளையாக அடுக்கும் அமைப்பு) இடவலமாகத் திருப்பிப் போடு, லிங்க்டு லிஸ்ட்டில் (தரவைச் சங்கிலியாகக் கோக்கும் அமைப்பு) சுழல் இருக்கிறதா பார். ஹோம்புரூ என்ற, மேக் வைத்திருக்கும் புரோகிராமர்கள் பரவலாகப் பயன்படுத்தும் மென்பொருளை எழுதிய மேக்ஸ் ஹோவெல், வெள்ளைப் பலகையில் ட்ரீயைத் திருப்பத் தெரியாததால் கூகுள் தன்னை நிராகரித்ததாக 2015ல் எழுதியது பெரிய விவாதமானது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். தேடுபொறி எழுதும் இடத்தில் ட்ரீ தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம் இல்லை. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் பில்லிங் திரையைப் பராமரிக்க ஜாவா ஆள் தேடுபவர் அதே கேள்வியைக் காப்பி அடித்துக் கேட்பதுதான் பிரச்சினை. அவர் ஜாவாவையும் சோதிக்கவில்லை, பில்லிங்கையும் சோதிக்கவில்லை.

ஆன்லைன் தளங்கள் இந்தப் பழக்கத்தை இன்னும் கெட்டியாக்கின. ஹேக்கர்ரேங்க் தளத்தைத் தொடங்கிய விவேக் ரவிசங்கர், ஹரி கருணாநிதி இருவரும் திருச்சி என்ஐடியில் படித்தவர்கள், முதலில் இன்டர்வியூஸ்ட்ரீட் என்று ஆரம்பித்து 2012ல் ஹேக்கர்ரேங்காக மாறினார்கள். நான்கில் ஒன்று டிக் அடிப்பதோடு ஒப்பிட்டால் இது நிச்சயமாக முன்னேற்றம், கேண்டிடேட் நிஜமாகவே கோட் எழுதுகிறார், அது நிஜமாகவே ஓடுகிறது. எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று பார்க்காமல் வாய்ப்புக் கொடுக்கும் வழியாகவும் அது இருந்தது, சின்ன ஊர்க் கல்லூரிப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தார்கள், அதை மறுக்கவே முடியாது. ஆனால் அந்த மெஷின் பார்ப்பது ஒன்றைத்தான்: கொடுத்த இன்புட்டுக்கு எதிர்பார்த்த அவுட்புட் குறித்த நேரத்துக்குள் வந்ததா. வேரியபிளுக்கு எல்லாம் அ, ஆ, இ என்று பெயர் வைத்திருக்கிறாரா, ஒரே கோடை ஐந்து இடத்தில் ஒட்டியிருக்கிறாரா, பைத்தானில் எழுதச் சொன்னால் சியைப் போலவே எழுதியிருக்கிறாரா, எதுவும் மார்க்கில் தெரியாது. சின்ன கவனக்குறைவால் ஒரு டெஸ்ட் கேஸைத் தவறவிட்டவரும் ஒன்றுமே புரியாதவரும் சில சமயம் ஒரே மார்க்கில் நிற்பார்கள்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம், கேள்வியின் ஆங்கிலம். அல்காரிதம் கேள்விகளில் பாதிக்கு மேல் கதைதான்: ஆலிஸும் பாபும் கற்கள் வைத்து விளையாடுகிறார்கள், ஒரு ராஜா தன் ராஜ்ஜியத்தில் ரோடு போடுகிறார், இரண்டு பக்கத்துக்கு வளைத்து வளைத்துச் சொல்லி, கடைசியில் கேட்பது ஒரு எண் வரிசையின் மிகப் பெரிய கூட்டுத்தொகை. பிளஸ் 2 வரை தமிழ் வழியில் படித்து, வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் ஒரு பெண் அந்தக் கதையைப் படித்துப் புரிந்துகொள்ளவே இருபது நிமிடம் போய்விடும், மீதி நேரத்தில் கோட் எழுத வேண்டும், பக்கத்தில் இருப்பவர் மூன்று நிமிடத்தில் படித்துவிட்டு ஆரம்பித்திருப்பார். தேர்வு முடிந்ததும் பட்டியலில் அந்தப் பெண் பெயருக்கு எதிரே பைத்தானில் பலவீனம் என்று இருக்கும். வேலைக்கு ஆங்கிலம் தேவை என்றால் அதைத் தனியாக, நேராகச் சோதிக்கலாம். பைத்தான் மார்க்குக்குள் அதைக் கலப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம், அதோடு கம்பெனிக்கும் தப்பான தகவல். நேர்முகத்தில் ‘தமிழிலேயே விளக்குங்க, பரவாயில்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னதும் அதுவரை திக்கிக்கொண்டிருந்தவர் மடமடவென்று சரியான காரணத்தைச் சொல்வதைப் பேனலில் உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர் பார்த்திருப்பார்கள், நானும் பார்த்திருக்கிறேன்.

பக்கத்தில் ஒருவர் நின்று பார்ப்பதே முடிவை மாற்றிவிடும் என்பதற்கு நேரடியான ஆய்வு ஒன்று இருக்கிறது. 2020ல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து வெளியிட்டது, 48 மாணவர்கள். ஒரு பகுதியினர் இன்டர்வியூ எடுப்பவர் முன்னால் வெள்ளைப் பலகையில், யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்கள், மற்றவர்கள் அதே கேள்வியைத் தனி அறையில் யாரும் பார்க்காமல் எழுதினார்கள். பார்க்கப்பட்டவர்களின் செயல்திறன் பாதிக்கும் கீழே போய்விட்டது. அதைவிட உறுத்துவது, ஆள் முன்னால் எழுதிய பெண்களில் ஒருவர்கூட வெற்றி பெறவில்லை, தனி அறையில் எழுதிய பெண்கள் அத்தனை பேரும் வெற்றி பெற்றார்கள். சின்ன ஆய்வு, பெண்களின் எண்ணிக்கை மிகக் குறைவு, அதை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது. ஆனால் ஒரே கேள்வி, இரண்டு விதமான அறை, இவ்வளவு வித்தியாசம் என்றால் நாம் அளப்பதில் எவ்வளவு பங்கு திறமை, எவ்வளவு பங்கு பதற்றம் என்று கொஞ்சமாவது யோசிக்க வேண்டும்.

அப்படியானால் எது வேலை செய்கிறது? ஆள் தேர்வு பற்றிய ஆராய்ச்சியில் 1998ல் ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹன்டரும் வெளியிட்ட தொகுப்பாய்வு வெகு காலம் வேதமாக இருந்தது. வேலையின் ஒரு சின்னத் துண்டையே செய்து காட்டச் சொல்லும் தேர்வுக்கு அதில் முதல் இடம், பின்னாளைய செயல்பாட்டோடு 0.54 தொடர்பு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்). அந்தப் பழைய கணக்குகளில் எண்களை உயர்த்தச் செய்திருந்த திருத்தங்கள் பல மிகையானவை என்று 2022ல் பால் சாக்கெட்டும் குழுவும் காட்டினார்கள். புதிய கணக்கில் முதலிடம் திட்டமிட்ட நேர்முகத்துக்கு, அதாவது எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே எழுதிவைத்த அளவுகோலால் மதிப்பெண் போடும் நேர்முகம், 0.42. வேலை சார்ந்த அறிவைச் சோதிக்கும் தேர்வுக்கு 0.40, வேலைத் துண்டுத் தேர்வுக்கு 0.33. இவை எல்லா வகை வேலைகளுக்குமான பொதுக் கணக்கு, புரோகிராமர்களுக்கு மட்டுமானது இல்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, எந்த ஒரு தேர்வும் தனியாக ஆளைச் சொல்லிவிடாது, வேலைக்கு நெருக்கமான ஒரு தேர்வையும் ஒழுங்காகத் திட்டமிட்ட ஒரு நேர்முகத்தையும் சேர்த்து வைப்பதுதான் நம்மால் முடிந்த நல்ல வழி. ‘பேசிப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்’ என்று சொல்லும் மேனேஜர்கள் நிறைய உண்டு, அப்படித் திட்டமில்லாமல் பேசிப் பார்ப்பது இந்தப் பட்டியலில் 0.19.

பைத்தானுக்கு ஒரு தேர்வு அமைக்கச் சொன்னால் நான் சோலோவேயின் மழையையே எடுத்துக்கொள்வேன், கொஞ்சம் பெரிதாக்கி. எண்பது வரி அளவில் ஏற்கெனவே எழுதிய ஒரு புரோகிராம், மழைமானி நிலையங்களின் பட்டியல் இருக்கும் ஃபைலைப் படித்து ஊர்வாரியாகச் சராசரி சொல்லும். அதில் நான்கைந்து குறைகளை விதைத்து வைப்பேன். ஒரு ஊருக்கு மழையே பதிவாகவில்லை என்றால் பூஜ்ஜியத்தால் வகுக்கும். ஒரு ஃபங்ஷனில் கொடுக்காவிட்டால் காலி லிஸ்ட்டை எடுத்துக்கொள் என்று எழுதியிருக்கும், பைத்தானில் அந்த லிஸ்ட் ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே ஒரு தடவைதான் உருவாகும் என்பதால் கடலூரில் பெய்த மழை நாகப்பட்டினத்தின் கணக்கிலும் போய்ச் சேரும். இன்னொரு இடத்தில் எந்த எரர் வந்தாலும் சத்தமில்லாமல் விழுங்கிவிடும் எக்ஸெப்ட் ஒன்று, அதனால் தப்பான வரிகள் காணாமலே போகும், முடிவு மட்டும் நம்பும்படி வரும். இவை எதுவும் கற்பனையான பக் இல்லை, பைத்தானில் வேலை செய்யும் எல்லா இடத்திலும் பார்க்கக் கிடைப்பவை.

கடைசிக் குறை நம் மொழியோடு சம்பந்தப்பட்டது, சீனியர் ஆட்களுக்கு மட்டும் வைப்பேன். ஊர்ப் பெயர்கள் தமிழில் இருக்கும், ‘கொடைக்கானல்’ இரண்டு தடவை வெவ்வேறு ஊராக வரும், திரையில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. காரணம், கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் கொடுக்கும் யூனிகோடில் கொகரத்தின் ‘ொ’ குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ‘ெ’, ‘ா’ என்று இரண்டாகவும் எழுதலாம், பைத்தானுக்கு இவை வேறு வேறு சரங்கள். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும், அதற்கு மொழியோடு வரும் லைப்ரரியிலேயே வசதி இருக்கிறது. சொல்லப்போனால் இன்டர்வியூக்களில் அடிக்கடி கேட்கும் ‘ஒரு ஸ்டிரிங்கைத் திருப்பிப் போடு’ என்ற கேள்வியே தமிழில் கேட்டால் கடினமான கேள்வி ஆகிவிடும். ‘மொழி’ என்பது நமக்கு இரண்டு எழுத்து, பைத்தானுக்கு நீளம் 4, அப்படியே திருப்பினால் எழுத்துக்கு முன்னால் குறி தனியாகத் தொங்கும். இதை முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் பார்த்ததும் ஏன் என்று தோண்டிப் பார்க்கும் ஆள் கிடைத்தால் விடக் கூடாது.

கேண்டிடேட்டுக்கு இன்டர்நெட்டோடு ஒரு கம்ப்யூட்டர், தனி அறை, ஒன்றரை மணி நேரம். முதலில் இந்த புரோகிராம் என்ன செய்கிறது என்று தன் வார்த்தையில் சொல்ல வேண்டும், தமிழோ ஆங்கிலமோ அவர் விருப்பம். அடுத்து, நாகப்பட்டினம் கணக்கு தப்பாக வருகிறது என்று புகார் வந்திருக்கிறது, ஏன் என்று பார்த்துச் சரி செய்யுங்கள். நேரம் இருந்தால் மாதவாரிச் சராசரி ஒன்றைச் சேர்க்க வேண்டும். எல்லாக் குறையையும் கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்க மாட்டேன், எது எவ்வளவு மார்க் என்று தேர்வுக்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும், ஆளைப் பார்த்த பிறகு அளவுகோலை மாற்றக் கூடாது. நேரம் முடிந்ததும் பேனல் உள்ளே போய், இதை ஏன் இப்படி மாற்றினீர்கள், வேறு வழி யோசித்தீர்களா என்று உட்கார்ந்து பேசலாம். பேசும்போது கோட் முன்னால் இருப்பதால் பதற்றமும் கொஞ்சம் குறையும்.

இதற்கு நேரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்பார்கள். ஆயிரம் பேருக்கு இதை நடத்த முடியாது, உண்மைதான், முதல் சுற்றில் மெஷின் திருத்தும் தேர்வு இருந்துதான் ஆக வேண்டும், அதில் ஒழுங்கான கேள்விகள் இருந்தால் போதும். பெரிய எண்ணிக்கையிலும் வேலைக்கு நெருக்கமான தேர்வு சாத்தியம் என்பதற்குச் சோஹோ ஒரு உதாரணம். அங்கே தேர்வு எழுதியவர்கள் பல வருடமாக எழுதிவரும் அனுபவங்களைப் படித்தால், ஆரம்பச் சுற்றுகளைத் தாண்டியதும் கால் டாக்சி புக்கிங், ரயில் டிக்கெட் முன்பதிவு மாதிரி ஒரு சின்ன அப்ளிகேஷனையே சில மணி நேரத்தில் கட்டச் சொல்லும் சுற்று ஒன்று வருவதைப் பார்க்கலாம். படிப்படியாகத் தேவைகளைக் கூட்டிக்கொண்டே போவார்கள், எவ்வளவு தூரம் வருகிறார் என்று பார்ப்பார்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் அசைன்மென்ட் இன்னொரு வழி, ஆனால் ஏற்கெனவே வேலையில் இருந்துகொண்டு, வீட்டில் கைக்குழந்தையும் வைத்திருப்பவரால் வார இறுதி முழுவதையும் அதற்குக் கொடுக்க முடியாது, நேரம் அதிகம் உள்ளவர்தான் அதில் ஜெயிப்பார் என்பதால் எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு ஆன்லைன் சுற்றுகளின் அஸ்திவாரமே ஆடிவிட்டது. ஃபிஸ்பஸ் முதல் பைனரி ட்ரீ வரை எல்லாவற்றுக்கும் நொடியில் விடை வந்துவிடுகிறது, கேமரா வைத்துக் கண் எங்கே போகிறது என்று பார்த்தாலும் பக்கத்துப் போனைத் தடுக்க முடிவதில்லை. கம்பெனிகள் இரண்டு திசையில் போகின்றன. கூகுளில் குறைந்தது ஒரு சுற்றாவது நேரில் நடக்கும்படி கொண்டுவருவதாக 2025ல் சுந்தர் பிச்சை சொன்னார். அதே வருடம் டிசைன் மென்பொருள் கம்பெனியான கேன்வா நேர் எதிராக, கேண்டிடேட்டுகள் இன்டர்வியூவிலேயே ஏஐ கருவிகளைப் பயன்படுத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பதாக அறிவித்தது, கேள்விகளையும் அதற்கேற்ப மாற்றியது. இரண்டில் எந்தப் பக்கம் போனாலும் மனப்பாடக் கேள்விகளுக்கு இனி மதிப்பில்லை. மழைக் கணக்கு மாதிரியான தேர்வில் ஏஐயை அனுமதித்தாலும் பெரிய நஷ்டமில்லை, அது குறையைச் சுட்டிக் காட்டலாம், ஆனால் அது சொன்ன திருத்தம் சரியா, அதனால் வேறு ஏதாவது உடைந்ததா, அதை எப்படிச் சோதித்தீர்கள் என்று கேட்கும்போது பைத்தான் தெரிந்தவரும் தெரியாதவரும் சில நிமிடத்தில் தனித்தனியாகத் தெரிந்துவிடுவார்கள்.

ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கேள்வித்தாள் எதுவாக இருந்தாலும் வெளியே கொடுக்கும் முன் உங்கள் டீமில் இதே வேலையை நன்றாகச் செய்துகொண்டிருக்கும் மூன்று நான்கு பேருக்கு, தயாரிக்க நேரம் கொடுக்காமல், அதே நேரக் கட்டுப்பாட்டில் கொடுங்கள். அவர்கள் பாதி நேரத்தில் முடிக்கவில்லை என்றால் நேரம் போதாது. நீங்கள் தினமும் நம்பி வேலை கொடுக்கும் ஆள் ஃபெயில் ஆனால், அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள்.